தினம் ஒரு கல்: வண்ணக்கல் நகையை அன்றாடம் அணியத் தொடங்குவோருக்கு

வண்ணக்கல் நகை வாங்குகிறவர்களில் பலர் அதை ஒரு கல்யாணத்துக்கு அணிந்துவிட்டு, ஊர் திரும்பியதும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தங்கத்துக்கு அது பொருந்தலாம். அதன் மதிப்பு எடையில் இருக்கிறது. கல்லை வாங்குவதே பார்ப்பதற்காகத்தான். காலை வெயிலில் ஒரு நிறம், இரவில் மஞ்சள் பல்பின் கீழ் வேறொரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கும் பொருளை வருடம் முழுவதும் இருட்டில் வைத்திருப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

கல் பிரியர்களிடையே ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காலையில் ஒரு கல் நகையை எடுத்து அணிவார்கள். பகலில் நல்ல வெளிச்சம் கிடைக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுப்பார்கள். இன்று அணிந்தது இன்ன கல் என்று இரண்டு வரி எழுதி, தங்களைப் போலவே கல்லை நேசிக்கும் நண்பர்களுக்கு அனுப்புவார்கள். மறுநாள் வேறு நகை, வேறு நிறம். இதைச் சில மாதங்கள் செய்தவர்களுக்குக் கல்லைப் பார்க்கும் கண் தானாக வந்துவிடுகிறது. அந்த வழக்கத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ராசிக்கல் என்று ஜோதிடர் சொல்லி அணிபவர்களும் இதைப் படிக்கலாம். நம்பிக்கை எதுவானாலும், கல் உடையாமல், கீறல் விழாமல் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவானது.

முதல் வேலை: வீட்டில் இருப்பதை வெளியே எடுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன், வீட்டிலுள்ள கல் நகைகளை எல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டியின் சிவப்புக்கல் தோடு, அம்மாவின் பச்சைக்கல் மூக்குத்தி, யாரோ சீராகக் கொடுத்த முத்து மோதிரம் என்று பெரும்பாலான வீடுகளில் தொடங்குவதற்குப் போதுமானது இருக்கும்.

சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் அல்ல. கார்னெட், ஸ்பினல், கண்ணாடி, செயற்கை மாணிக்கம் எல்லாமே சிவப்பு நிறத்தில் உண்டு. இங்கிலாந்து அரச கிரீடத்தின் முன்பக்கம் பதித்திருக்கும் புகழ்பெற்ற ‘கருப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் ஒரு ஸ்பினல். அரசர்களுக்கே பல நூற்றாண்டுகள் தெரியாமல் இருந்த விஷயம் நமக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடாது. பிரான்சின் வெர்நூயி 1902-ல் தீச்சுடரில் மாணிக்கம் உருக்கும் முறையை அறிவித்தார். அதன்பின் செய்த நகைகளில் செயற்கை மாணிக்கம் ஏராளமாக இருக்கிறது. நம் ஊரில் திருச்சி வட்டாரம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவதில் பெயர் பெற்றது. பாட்டியின் தோட்டில் இருப்பது செயற்கை மாணிக்கம் என்று தெரியவந்தால் வருந்தாதீர்கள். பூமிக்கடியில் விளைந்த மாணிக்கமும் அதுவும் ஒரே பொருள்தான், கடினமும் ஒன்றுதான். விலை மட்டுமே வேறு. தினமும் அணிவதற்கு அதைவிடத் தோதான கல் கிடைப்பது அரிது.

நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகும், உண்மையான கல் என்றால் வாயால் ஊதியதும் ஆவி மறைந்துவிடும் என்பன போன்ற சோதனைகளை விட்டுவிடுங்கள். அவை எதையும் நிரூபிப்பதில்லை. மதிப்புள்ளது என்று தோன்றும் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழி. ஜெய்ப்பூரில் வண்ணக்கற்களுக்கென்றே பரிசோதனைக்கூடம் உண்டு. இலங்கையில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பரிசோதித்துச் சொல்கிறது. மற்றவற்றைப் ‘பெயர் தெரியாத சிவப்புக்கல்’ என்றே குறித்துக்கொண்டு சந்தோஷமாக அணியலாம்.

எந்தக் கல் எந்த இடத்துக்கு

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிஷ் மோஸ் 1812-ல் கனிமங்களுக்கு 1 முதல் 10 வரை கடினத் தரவரிசை ஒன்றை வகுத்தார். எது எதைக் கீறும் என்பதுதான் அளவுகோல். வைரம் 10. மாணிக்கமும் நீலக்கல்லும் 9. புஷ்பராகம் என்று நம் கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் மஞ்சள் கல்லும் நீலக்கல்லின் இனமே, எனவே அதுவும் 9. வைடூரியம் 8.5. ஸ்பினல் 8. மரகதம் 7.5-லிருந்து 8. கோமேதகம் ஏறக்குறைய 7. ஊதா நிற அமெதிஸ்ட் 7. சந்திரகாந்தம் 6-லிருந்து 6.5. ஓபல் 6-ஐ ஒட்டி. பவளமும் முத்தும் 3, 4 என்ற அளவில்தான்.

இதில் 7 என்ற எண்ணை மனதில் வையுங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் தூசியில் மணல் துகள் இருக்கிறது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் கடினம் 7. மேசையைத் துடைக்கும்போதும் பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும் அந்தத் துகள் உங்கள் மோதிரத்தின் மீது உரசுகிறது. 7-க்குக் கீழே உள்ள கல் நாளடைவில் பளபளப்பை இழந்து மங்குவதற்கு இதுதான் காரணம். தூசி படிந்த ஓபலைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு துடைக்க வேண்டும்.

கடினம் வேறு, உறுதி வேறு. கீறல் விழாத கல்லும் அடிபட்டால் பிளக்கலாம். டோபாஸின் கடினம் 8. ஆனால் அதற்குள் ஒரு திசையில் சுலபமாகப் பிளக்கும் தளம் இருக்கிறது. குழாயில் சரியான கோணத்தில் இடித்தால் இரண்டாகிவிடும். ஜேட் அதற்கு நேர் எதிர். அதன் கடினம் 7-ஐத் தாண்டாது என்றாலும், உள்ளே இழைகளும் துகள்களும் பின்னிக் கிடப்பதால் உடைப்பது கடினம். சீனர்கள் அதில் முழு வளையலே கடைந்து வாழ்நாள் முழுவதும் அணிவதற்குக் காரணம் இதுதான்.

மரகதத்துக்குத் தனி வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குள் இயல்பாகவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். அவை தெரியாமலிருக்க எண்ணெயோ பிசினோ ஊறவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சுடுநீர், நெயில் பாலிஷ் ரிமூவர், ஆசாரியின் ஊதுகுழல் நெருப்பு எல்லாம் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். பிறகு விரிசல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். மரகதத்தை மூலைகள் வெட்டிய செவ்வகமாகப் பட்டை தீட்டுவதும், கூரான மூலை உடையாமல் காப்பதற்காகத்தான். மரகத மோதிரம் அணிய ஆசையா? தாராளமாக அணியுங்கள். சமையல், பாத்திரம் கழுவுதல், உடற்பயிற்சி இல்லாத நேரங்களில் அணியுங்கள்.

ஆக, விரலில் மாணிக்கம், நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம், ஸ்பினல். காதிலும் கழுத்திலும் எதுவும் சரி, ஏனென்றால் அங்கே அடிபடுவது குறைவு. சந்திரகாந்தமும் ஓபலும் மரகதமும் தோட்டிலும் டாலரிலும்தான் நீண்ட நாள் வாழ்கின்றன. தினசரி மோதிரத்துக்கு உலகமே அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1981-ல் டயானாவின் நிச்சயதார்த்த மோதிரமாக இருந்து, 2010 முதல் அவர் மகன் வில்லியமின் மனைவி கேத்தரின் அணியும் அந்த நீலக்கல் சுமார் 12 காரட் எடையுள்ளது. இலங்கையில் கிடைத்தது என்பார்கள். இரண்டு பெண்கள் பல ஆண்டுகள் அணிந்த பிறகும் படங்களில் அது அழகாகவே இருக்கிறது.

பிடிமானத்தைச் சோதியுங்கள்

கல் தொலைவது பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் தங்கத்தினால்தான். 22 காரட் தங்கம் மென்மையானது. கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகள் எளிதில் வளைந்துவிடும். பெரிய கல்லைக் கொக்கிகளில் நிறுத்தித் தினமும் அணிவதானால் 18 காரட் தங்கம் மேல். கல்லைச் சுற்றி முழு விளிம்பாகத் தங்கம் மூடியிருந்தால் 22 காரட்டும் தாங்கும். வீட்டு வேலைகளுக்கு நடுவே அணிய நான் விரும்புவது அந்த முழு விளிம்பு மோதிரத்தைத்தான். ஓரங்களில் அடி விழாது, நூலிலும் மாட்டாது.

அணியும் முன் இரண்டு சோதனைகள். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் தட்டுங்கள். கடகட ஒலி கேட்டால் கல் தளர்ந்திருக்கிறது. அடுத்து, மெல்லிய பட்டுத்துணியின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் ஒரு கொக்கி தூக்கியிருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் அன்று அதை அணிய வேண்டாம். ஆசாரியிடம் கொடுத்து இறுக்கிய பிறகு அணியலாம்.

கல்லின் பின்பக்கம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளிலும் பழைய கெம்பு நகைகளிலும் பின்பக்கம் மூடியிருக்கும். பளபளப்புக்காகக் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்து, கல் செத்துப்போனது போலாகிவிடும். அவற்றைக் குளிக்கும்போது கழற்றியே ஆக வேண்டும். ராசிக்கல் மோதிரங்களில் கல் தோலைத் தொட வேண்டும் என்று பின்பக்கத்தைத் திறந்து வைப்பார்கள். அங்கே சோப்பும் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, நல்ல கல்லையும் மந்தமாக்கிவிடும்.

முதல் கல்லை வாங்குவதானால்

விலை உயர்ந்ததில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு நல்ல கார்னெட், ஒரு சிறிய ஸ்பினல், அல்லது வெளிர்நிற நீலக்கல் போதும். ஸ்பினலுக்கு என் ஓட்டு கூடுதலாக உண்டு. நிறம் நிறைந்திருக்கும், கடினமானது, பெரும்பாலும் நிறத்துக்காகச் சூடேற்றாமலே விற்பனைக்கு வருகிறது.

கடையில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இது என்ன கல்? இயற்கையா, செயற்கையா? என்ன பக்குவம் செய்திருக்கிறார்கள்? சூடேற்றுவது பழைய முறை, பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இலங்கையில் கியூடா என்று சொல்லும் பால்நிறக் கற்களை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வாங்கிச் சென்று, உலையில் சூடேற்றி ஆழ்ந்த நீலமாக்கினார்கள். அந்தக் கற்கள் இன்றும் நீலமாகவே இருக்கின்றன. கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு கதை. விரிசல் மிகுந்த கல்லுக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியிருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்களும், கல்லை அசைக்கும்போது நீல நிற மின்னலும் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிபடும். அன்றாடம் சமைக்கிற கைக்கு அது ஆகாது. லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

தங்க நகையில் பதித்த கல்லானால் ரசீதைக் கவனியுங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர தங்க எடை என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். கல்லின் எடையைச் சொல்லும் காரட் வேறு, தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் காரட் வேறு. கல் எடையில் 5 காரட் ஒரு கிராம். 50 காரட் கற்கள் பதித்த ஆரத்தில் கல் மட்டுமே 10 கிராம், அதாவது ஒரு சவரனுக்கும் மேல். அதற்கும் தங்க விலை போட்டால் எவ்வளவு நட்டம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நகையில் பொறித்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளம் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நாள் முழுவதும் பாருங்கள்

இனி அணியுங்கள். அணிந்தபின் பார்க்கவும் வேண்டும், பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

நகைக்கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகுதான். வெளியே வந்து, நேரடி வெயில் படாத திறந்த நிழலில் கையை நீட்டிப் பாருங்கள். அதுதான் கல்லின் உண்மையான நிறம். இலங்கையின் இரத்தினபுரியிலும் பேருவளையிலும் வியாபாரிகள் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் அதற்காகத்தான். அடர்ந்த நீலக்கல் மஞ்சள் பல்பின் கீழ் கறுத்துவிடும். நல்ல பர்மிய மாணிக்கத்தில் உள்ள குரோமியம், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு தானே சிவப்பாக ஒளிரும். அலெக்சாண்ட்ரைட் பகலில் பச்சையாகவும் மஞ்சள் பல்பின் கீழ் சிவப்பாகவும் தெரியும். அதை ஒரு நாள் முழுக்க அணிந்திருப்பவருக்கு இரண்டு கற்கள் அணிந்த திருப்தி.

கல்லை நேர் மேலே இருந்து பார்க்கும்போது நடுவில் விரலின் தோல் தெரிகிறதா? ஆழம் போதாமல் பட்டை தீட்டிய கல் அது. நிறம் நடுவில் ஒழுகிப்போய் ஓரங்களில் மட்டும் நிற்கும். இதை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு எந்தக் கடையிலும் உங்கள் கண் முதலில் அங்கேதான் போகும்.

படமும் இரண்டு வரியும்

திறந்த நிழல், வாசல் திண்ணை, ஜன்னல் ஓரம் ஆகியவை படமெடுக்கத் தகுந்த இடங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் கைபேசி குழம்பி நிறத்தை மாற்றிவிடும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் பார்ப்பவர்கள் நிறத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். திரையில் கல்லைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு ஒரே திட்டாக வந்துவிடும். ஊதா நிறக் கல்லைக் கைபேசி நீலமாகக் காட்டுவது வழக்கம். நேரில் ஊதாதான் என்று எழுதிவிடுங்கள். நட்சத்திர நீலக்கல்லையும் சந்திரகாந்தத்தையும் வைடூரியத்தையும் அசையும் காட்சியாக எடுங்கள். அவற்றின் ஒளி நகர்வதில்தான் அழகு இருக்கிறது. நிறத்தைக் கூட்டும் வடிகட்டிகள் வேண்டாம். நண்பர்கள் உங்கள் படத்தை நம்பிக் கண்ணைப் பழக்குகிறார்கள்.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். கல்லின் பெயர், தெரிந்தால் எடையும் மில்லிமீட்டர் அளவும், பக்குவம் உண்டா இல்லையா, நகை யார் கொடுத்தது. ஒரே எடையுள்ள மரகதம் நீலக்கல்லைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அதன் அடர்த்தி குறைவு. அதனால்தான் மில்லிமீட்டரும் உதவுகிறது. சோதிக்காத கல் என்றால் அதையும் எழுதுங்கள். ஊர் பெயரைச் சான்றில்லாமல் சேர்க்காதீர்கள். ‘பர்மா’, ‘காஷ்மீர்’ என்ற சொற்கள் விலையையே மாற்றிவிடக்கூடியவை.

மற்றவர்கள் அனுப்பும் படத்தைப் பார்க்கும்போது, விலை என்ன என்று முதலில் கேட்காமல் கல்லைப் பற்றிக் கேளுங்கள். படத்தை மட்டும் பார்த்து ‘இது போலி’ என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். தேர்ந்த ஆய்வாளரே கருவியில்லாமல் அப்படிச் சொல்ல மாட்டார். ஒருவர் அம்மாவின் கண்ணாடிக்கல் தோட்டை அணிந்து மகிழ்ச்சியாகப் படம் அனுப்பினால், அன்றைக்கு அதுதான் நல்ல நகை.

பாதுகாப்புக்காக ஒரு கட்டாய விதி: வீட்டு முகவரி, தெருவின் பெயர்ப்பலகை, வண்டி எண், லாக்கர் பற்றிய பேச்சு எதுவும் படத்திலோ எழுத்திலோ வரக் கூடாது. கைபேசியில் படத்தோடு இடத்தையும் பதியும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும்போது எடுத்த படங்களை வீடு திரும்பிய பிறகு அனுப்புங்கள்.

இரவில் கழற்றும்போது

மாணிக்கம், நீலக்கல், ஸ்பினல், கார்னெட் ஆகியவற்றை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து, குழந்தைகளின் பல்துலக்கியால் பின்பக்கம் மெல்லத் தேய்த்தால் போதும். வாரம் ஒருமுறை செய்தாலே ஒளி திரும்பிவிடும். கைகழுவும் தொட்டியின் வடிகால் ஓட்டையைத் திறந்து வைத்து அதன் மேல் கழுவாதீர்கள், கிண்ணத்தில் கழுவுங்கள். பூந்திக்கொட்டை நீரில் கொதிக்க வைப்பது வெறும் தங்கத்துக்கு நல்லது. மரகதம், ஓபல், முத்து, பவளம், மூடிய கெம்பு எதையும் அப்படிக் கொதிக்க வைக்கக் கூடாது. கடைகளில் நகையைச் சுத்தம் செய்யும் அதிர்வு இயந்திரத்திலும் இவற்றைப் போட விடாதீர்கள்.

முத்துக்கும் பவளத்துக்கும் அமிலம் ஆகாது. வியர்வை, வாசனைத் திரவியம், எலுமிச்சை எல்லாமே அவற்றின் மேற்பரப்பை அரிக்கும். அலங்காரம் முடிந்த பிறகு கடைசியாக அணிந்து, வீடு வந்ததும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முத்துமாலையின் நூல் தளர்ந்து மணிகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் மறுபடி கோக்கக் கொடுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள், நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும்.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். நீலக்கல் அமெதிஸ்ட்டைக் கீறும், அமெதிஸ்ட் முத்தைக் கீறும். தனித்தனி துணிப்பைகள் வேண்டும். அமெதிஸ்ட்டை வெயில் விழும் ஜன்னலில் நாட்கணக்கில் வைத்தால் நிறம் வெளுக்கலாம், அலமாரிக்குள் வையுங்கள். மறுநாள் அணியப்போகும் கல்லை மட்டும் படுக்கும் முன் எடுத்து, கொக்கிகளை ஒருமுறை பார்த்து, தனியே வைத்துவிடுங்கள். காலை அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமிருக்காது.